கட் சொல்லாத ஷாட்

உலகம் அழிந்து முடிந்து, மழை மறந்து, மரம் மறந்து, மிச்சமிருக்கிற மனுசன் இரும்புத்தூளைத் தின்று உயிர் வாழ்கிற ஒரு காலத்தைப் படம் பிடிப்பதற்கு இடம் தேடி ராஜஸ்தான் வரைக்கும் போய், அங்கே ஒட்டகம் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று திரும்பி வந்த சினிமாக்காரர்கள், கடைசியில் எங்கள் பூச்சிவிளைக்கு வந்தார்கள். சிவப்பு மணல்மேடும், உடைமரமும், பாதியில் நின்றுபோன சமுதாயக்கூடமும் கண்ணில் பட்டதும் காரை விட்டு இறங்காமலே, "இங்க எதையும் மாத்த வேண்டாம், ஏற்கெனவே அழிஞ்சுதான் இருக்கு" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஞானதுரை அதை ஊருக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டு அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

படத்தின் பெயர் 'இரும்புப் பொழுது'. இது இரண்டாம் பாகம். முதல் பாகத்திலேயே உலகம் முழுசாக அழிந்துவிட்டதே, பிறகு எதை வைத்து இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் சந்தேகம் வந்தபோது, தலைவர்தான் தீர்த்து வைத்தார். "உலகந்தான வே அழிஞ்சிருக்கு? அழிச்சவன் இருக்காம்லா."

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டுப் பயந்தும் இருப்பீர்கள். ஆனால் நீங்கள் பயந்த ஒவ்வொன்றும் எங்களுக்கு வீட்டுச் சாமான். ஜனங்கள் கண்ணீரோடு கடித்துத் தின்கிற இரும்பு உருண்டை எள்ளுருண்டைதான், அதை அழுதுகொண்டே தின்னச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார்கள். கதிர்வீச்சில் வளர்ந்த மிருகத்தின் தோல், முருங்கைக்காய் கட்டுகிற சாக்கு. எதிரிப்படையின் கவச வண்டி, சித்திரைவேலின் லோடு ஆட்டோவுக்கு மேலே கவிழ்த்து வைத்த கருப்புத் தண்ணீர்த்தொட்டி. கடைசி நகரத்தின் கடைசி வாசல் என்று பனை உயரத்துக்கு நிற்கிறதே ஒரு இரும்புக் கதவு, அது தெர்மாகோல். அதில் 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை தொங்கியது. கேமரா ஓடும்போது மட்டும் அட்டையைக் கழற்றிக்கொள்வார்கள்.

டைரக்டர் பெயர் நிகரன். கருப்புத் தொப்பி, ஒரு கையில் மைக், ஒரு கையில் போன். அவருக்கு உயிரே போனாலும் பொறுக்காத காரியம் ஒன்று உண்டு. ஓடுகிற கூட்டத்தில் எவனாவது கேமராவைப் பார்த்துவிடக் கூடாது. நாங்கள் எல்லோரும் கடைசி ஜனங்களாக நடிக்கப் போயிருந்தோம், தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்த சாக்குத்துணி கட்டி, முகத்தில் சாம்பல் பூசி, கலர்த்தண்ணியில் ரத்தக்காயம் வரைந்து. முதல் ஒத்திகையில் சித்திரைவேல், பெட்டி மாதிரி இருக்கிறதே இதற்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு நொடி எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், சூடான சட்டியைத் தொட்ட கையை உதறுகிற மாதிரி டைரக்டர் உதறிக்கொண்டு, "கட்! கட்! கட்! யார்யா அது, கேமராவைப் பார்க்கிறது? எதிர்காலத்துல ஏதுய்யா கேமரா?" என்று கத்தினார். அன்று மாலைக்குள் ஊருக்கே அந்தப் பாடம் ஏறிவிட்டது. பாம்பைக்கூடப் பார்க்கலாம், கேமராவைப் பார்க்கக் கூடாது.

சித்திரைவேலின் பெண்டாட்டி சுயம்புக்கனி நடிக்க வந்தவள் இல்லை. புருசனுக்குச் சோறு கொண்டு வந்தவள். நிறைமாசம், இன்றோ நாளையோ என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். தூக்குச்சட்டியோடு மணல்மேட்டில் ஏறி மூச்சு வாங்கி நின்ற அவளை டைரக்டர் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த வயிறு! அதுதான் இந்தப் படத்தோட நம்பிக்கை. முன்னாடி நிறுத்துங்க."

"சார், மாசமா இருக்கவ ஓடக் கூடாது" என்றான் சித்திரைவேல்.

"ஓட வேண்டாம்யா, நடக்கட்டும். நம்பிக்கை நடந்துதான் வரும்."

"அவிய பாட்டுக்குக் கவிதை சொல்லுதாவ, எனக்கு இடுப்பு கடுக்கு" என்று சுயம்புக்கனி முனங்கினாள். ஆனாலும் பூசிய சாம்பலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று நின்றாள்.

ஷாட் இதுதான்: ஜனங்கள் மணல்மேட்டிலிருந்து வாசலை நோக்கி ஓடி வர வேண்டும், ஹீரோ வெடிவைத்துக் கதவைப் பிளக்க வேண்டும். "ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர். ஓடினோம். பாதி ஓட்டத்தில் அவர் போன் அடித்தது. பேசினது தயாரிப்பாளர் என்றும், கதவை இந்தப் பாகத்தில் பிளக்கக் கூடாது, மூன்றாம் பாகத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று சொன்னார் என்றும், ஹீரோ அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு பாதி வழியிலேயே காரைத் திருப்பிவிட்டார் என்றும் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், டைரக்டர் போனில் கத்திக்கொண்டே மணல்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, காரில் ஏறி, போய்விட்டார் என்பதுதான்.

கட் சொல்லவில்லை.

டைரக்டரைத் தவிர வேறு யாரும் கட் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலில் வேதம். எங்கள் உடம்பில் இருக்கிற காயம், அழுக்கு, தாடி எல்லாம் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறாமல் பார்த்துக்கொள்கிற, அவர்கள் பாஷையில் கன்டினியூட்டி பார்க்கிற, உதவி டைரக்டர் பெனிட்டா, நாகர்கோவில் பிள்ளை, மானிட்டருக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நாங்கள் வாசல் வரை ஓடினோம். கதவு பிளக்கவில்லை. நின்றோம். ஒருவன் முதுகைச் சொறிந்தான், ஒருத்தி உட்கார்ந்தாள், பிறகு வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் லாரி வந்து கேமராவையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. கதவையும் அட்டையையும் விட்டுப் போனார்கள்.

அதற்கு மறுநாள் காலையில் ஊரில் ஒருவனுக்கும் தாடி வளரவில்லை.

ஷாட்டில் நின்றவர்களுக்கு என்று சொல்ல வேண்டும். அடுப்படியில் இருந்தவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கும் முடியும் நகமும் வழக்கம்போல வளர்ந்தன. நின்றவர்களுக்கு வரைந்த காயம் போகவில்லை. சித்திரைவேல் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தான், மண்ணெண்ணெய் தேய்த்துப் பார்த்தான், பாத்திரம் விளக்குகிற நார் போட்டு உரசிப் பார்த்தான், கழுவக் கழுவக் காயம் புதுசாக நின்றது, அதில் சர்க்கரைப்பாகு கலந்திருந்ததால் எறும்பு வேறு வந்தது. ஓடும்போது விக்கல் எடுத்துக்கொண்டிருந்த மூக்காண்டிப் பெரியப்பாவுக்கு விக்கல் நிற்கவில்லை. வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு ஓடிய லிங்கக்கனிச் சித்திக்கு அந்த வெற்றிலை தீரவே இல்லை, சாப்பிடுகிற நேரம் எடுத்துச் சன்னல் கம்பியில் ஒட்டிவைத்துவிட்டுச் சாப்பிடுவாள். சட்டகத்துக்குள் தெரியாமல் நுழைந்த வெள்ளாடு எவ்வளவு தின்றும் பெருக்கவில்லை. கதவில் உரசி உரசி அதன் முதுகு மட்டும் வெள்ளியாக மின்னியது, ஏனென்றால் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

ஊர் இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. சவரக்கடை இசக்கிமுத்து கடையைப் பாதியாகத் தடுத்து ஒரு பக்கம் செல்போன் கவர் விற்றார். பக்கத்து ஊர்ப் பெண் வீட்டார், "மாப்பிள்ளை அந்த ஷாட்டுல நின்னவரா?" என்று கேட்டு, ஆமென்றால் முடி கொட்டாது என்று சந்தோசப்பட்டார்கள், கன்னத்தில் இருக்கிற வெட்டுக்காயத்தைப் பார்த்துவிட்டு யோசித்தார்கள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, சாம்பல் பூசிய முகமாக இருந்தால் என்ன, வயது நின்ற முகம் அல்லவா என்று சமாதானம் ஆனார்கள். ஷாட்டின்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தலைவர் ஞானதுரைக்குத்தான் வயிற்றெரிச்சல். "நான் வரி கட்டுத ஊருல எனக்கு மட்டும் நரை விழுது" என்று தினமும் கதவுக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஒன்றும் ஒட்டவில்லை.

எல்லோருக்கும் இது ஒரு தொந்தரவு, அல்லது ஒரு லாபம். சுயம்புக்கனிக்கு மட்டும் அப்படி இல்லை.

இன்றோ நாளையோ என்று இருந்த வயிறு இன்றோ நாளையோ என்றே இருந்தது. பத்தாம் மாசம் போனது, ஆடி போனது, ஐப்பசி போனது. நர்ஸம்மா குழாயை வைத்துக் கேட்டாள். நெஞ்சு துடிக்கிறது, பிள்ளை சுகம். உதைக்கிறதா என்றால் உதைக்கிறது, ஆனால் ஷாட்டின்போது எப்படி உதைத்ததோ அப்படியே: தடதடவென்று இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. தடதட, தொம். தடதட, தொம். பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தே எடுத்துவிடுவோம் என்றார்கள். கீறல் போட்ட இடம் தண்ணீரில் போட்ட கோடு மாதிரி மூடிக்கொண்டது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, நான் இதைப் பார்க்கவும் இல்லை, நீங்க வரவும் இல்லை" என்றார்.

அவளுக்கு நாலு மாசம் பிந்தி முழுகாமலான நாத்தனார் பெற்று, பிள்ளையைக் குப்புற விழவைத்து, தூக்கிக்கொண்டு பார்க்க வந்தாள். வீட்டில் மாமியார் தங்கபுஷ்பம் மறுபடி ஒரு வளைகாப்பு வைக்கலாமா என்றாள்.

"எத்தனை தடவ அத்தே வளையல் போடுவிய? கையில இடமில்ல" என்றாள் சுயம்புக்கனி. "யான கூட இம்புட்டு நாள் சுமக்காது. சுமந்தாலும் அதுக்குக் காலு நாலு."

பரிகாரங்கள் நடந்தன. தலைவர் கோயில் ஒலிபெருக்கியை மணல்மேட்டில் கட்டி, தொண்டையைக் கனைத்து, "பூச்சிவிளைப் பஞ்சாயத்து சார்பாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், கட்!" என்றார். பறவைகள் பறந்தன. மூக்காண்டிப் பெரியப்பா விக்கினார். படப்பிடிப்பு முடிந்தால் பூசணிக்காய் உடைப்பார்களாமே, அதை உடைக்கவில்லையே என்று ஒருவர் சொல்ல, பூசணிக்காய் வாங்கி, குங்குமம் தடவி, கற்பூரம் காட்டி, கதவுக்கு முன்னால் ஓங்கி அடித்தார்கள். அது பந்து மாதிரி எழும்பித் தலைவரின் நெற்றியில் பட்டு, மறுபடி எழும்பி, சாக்கடையில் போய் உட்கார்ந்தது. இனிமேல் இந்தப் படம் முடியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம் என்றாகிவிட்டது.

பெனிட்டா அவ்வப்போது வருவாள். முதல் தடவை பழைய போட்டோக்களை வைத்து ஒவ்வொரு முகமாக ஒத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உலகத்துலயே இப்படி ஒரு கன்டினியூட்டி எவனும் பார்த்திருக்க மாட்டான்" என்று பூரித்துப் போனாள். அடுத்த நிமிசம் சுயம்புக்கனியின் வயிறு கண்ணில் பட்டு, பூரிப்பு அடங்கி, ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே வாசல் முன்னால் போய், நடுங்கி நடுங்கி, வேதத்தை மீறி, அவளும் ஒரு தடவை "கட்" சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு மட்டும் ரெண்டு நாள் காய்ச்சல் அடித்தது.

"பிள்ளே, அந்த மனுசனக் கூட்டிட்டு வா" என்றாள் சுயம்புக்கனி.

"வர மாட்டார்க்கா. உங்க கஷ்டத்தைச் சொல்லி எத்தனை தடவை மெசேஜ் போட்டேன் தெரியுமா? கும்பிடு போட்ட பொம்மை ஒண்ணு அனுப்பினார்."

"பாவம்னு சொன்னா வர மாட்டாரு, சரி. ஷாட்டு கெடாம அப்படியே இருக்குன்னு சொல்லிப் பாரு."

பெனிட்டா அன்றைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் சேர்த்து அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே டைரக்டர் நிகரன் கேரவனோடும் கேமராவோடும் வந்து இறங்கினார். எங்களைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒவ்வொருவர் காயத்தையும் விரலால் தொட்டு, "ஈரம்கூட மாறலை" என்றார். வெள்ளாட்டைத் தூக்கி முத்தமிட்டார். வெள்ளிப் பெயிண்ட் அவர் மீசையில் ஒட்டியது.

"சார்" என்று சுயம்புக்கனி முன்னால் வந்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எப்படிம்மா சொல்ல முடியும்? ஷாட் முடியலையே. கதவு பிளக்கலை, ஹீரோ வரலை. முடியாத ஷாட்டுக்கு நான் என் வாழ்க்கையிலேயே கட் சொன்னதில்லை."

"ஹீரோ எப்பம் வருவாரு?"

"அவர் இப்ப ஒரு சாமி படத்துக்காக மொட்டை போட்டிருக்கார். முடி வளரணும், வெடிக்கு அனுமதி வாங்கணும். எப்படியும் அடுத்த வருசம். ஏன், அதுக்கு அடுத்த வருசமா இருந்தா என்ன? நீங்கதான் மாறவே மாட்டீங்களே!" அவர் முகம் சாமி வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "மூணாம் பாகத்தையும் சேர்த்தே எடுத்துடலாம். அப்படியே இருங்க. யாரும் அசையாதீங்க."

"மூணாம் பாகத்துக்கு எம் பிள்ள வயித்துக்குள்ள இருந்தே நடிக்கணுமோ?"

"வரலாறும்மா இது!"

சித்திரைவேல் கையை ஓங்கிவிட்டான். "ஏல, ஒன் வரலாற..." என்று அவன் பாய்ந்ததைத் தங்கபுஷ்பம்தான் வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அடித்தால் போய்விடுவான், போனால் யார் வந்து சொல்வது? அதுதான் பயம். ஒருவேளை இந்த மனுசன் வழியில் லாரியில் அடிபட்டுப் போனால் இந்த வயிறு கடைசிவரைக்கும் இப்படியே நிற்குமே என்று அந்த ஒரு வருசமாக அவருடைய ஆயுசுக்கு விளக்குப் போட்ட குடும்பம் அது.

சுயம்புக்கனி இடுப்பில் கைவைத்து, மணல்மேட்டையும் கதவையும் மூன்று கால் போட்டு நிற்கிற பெட்டியையும் பார்த்தாள். பிறகு ரொம்பப் பணிவான குரலில் கேட்டாள்:

"சரி சார். அடுத்த வருசம் வரைக்கும் மறந்துறாம இருக்க, ஒரு தடவ ஓடிக் காட்டட்டுமா? கேமராவில பாத்துக்கிடுங்க."

டைரக்டருக்குத் தேன் குடித்த மாதிரி. "இதும்மா கலைஞர் மனசு!" என்று கேமராவை ஓடவிட்டு, மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆக்‌ஷன் சொல்லத் தேவையில்லை. போன வருசம் சொன்னதே இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது. நாங்கள் மணல்மேட்டிலிருந்து புறப்பட்டோம். சாக்குத்துணி பறக்க, புழுதி பறக்க, விக்கல் பறக்க, வெள்ளாடு குறுக்கே வர, கடைசி ஜனங்கள் கடைசி வாசலை நோக்கி ஓடினோம். பார்த்தவர்களுக்கே நெஞ்சு அடைக்கும்படி, சத்தியமாக, அப்படி ஒரு ஓட்டம். எல்லோருக்கும் முன்னால் சுயம்புக்கனி ஓடாமல் நடந்தாள். சாம்பல் முகம், வளையல் கை, மலை மாதிரி வயிறு. "அடடா, அடடா" என்று டைரக்டர் முணுமுணுப்பது மைக்கில் கேட்டது.

கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். கேமராவை நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்தது மட்டுமில்லை, பஸ் சன்னலில் இருக்கிற பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி, கை நிறைய வளையல் குலுங்க, டாட்டா காட்டினாள்.

"கட்! கட்! கட்!" என்று டைரக்டர் கையை உதறிக்கொண்டு துள்ளி எழுந்தார். "யார்யா அது, கேமராவைப் பா..."

வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன செய்ய?

முதலில் விக்கல் நின்றது. ஒரு வருசமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு முகம் முகமாக ஒரு வருசத்துத் தாடி ஒரே மூச்சில் இறங்கியது, நகம் நீண்டது, காயம் வியர்வையில் கரைந்து கழுத்து வழியாக ஓடியது, லிங்கக்கனிச் சித்தி வெற்றிலையை நிம்மதியாகத் துப்பினாள், கதவில் பெயிண்ட் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, பின்னால் அடித்த காற்றில் கடைசி நகரத்தின் கடைசி வாசல் அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்து விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்தான் தெரிந்தது. சாக்கடையில் கிடந்த பூசணிக்காய் தானாகவே வெடித்ததாகத் தலைவர் சொல்கிறார், அவர் சொன்னால் பாதி கழித்துக்கொள்ள வேண்டும்.

"ஏட்டி!" என்று சித்திரைவேல் ஓடினான். சுயம்புக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். பனிக்குடம் உடைந்து சிவப்பு மணல் கருத்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "வலிக்கு... வலிக்குங்க! நெசமாவே வலிக்கு!"

பக்கத்தில் இருந்தது டைரக்டருடைய கேரவன்தான். பெண்கள் அவளை அதில் ஏற்றினார்கள், பெனிட்டா ஏ.சி.யைப் போட்டாள், நர்ஸம்மா செருப்போடு உள்ளே ஓடினாள். வெளியே டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பழக்கதோசம், "ஒன் மோர் போகலாமா?" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சுடுதண்ணீர்ச் செம்போடு படியேறிய தங்கபுஷ்பம் திரும்பி நின்றாள்.

"ஒன் மோரா? செத்த மூதி, இதே மாதிரி ஒரு வருசம் நீ சொமந்து காட்டுல, நாங்க நின்னு கை தட்டுதோம்."

உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் பிள்ளை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கல்யாணமோ, பஞ்சாயத்துக் கூட்டமோ, புருசன் பெண்டாட்டி சண்டையோ, எது தொடங்கினாலும் முடிவில் யாராவது ஒருவர் சத்தமாக "கட்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜனம் எழுந்து போகாது. புதிதாக வந்த பாதிரியார் ஆமென் சொன்ன பிறகும் எல்லோரும் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்துத் தன் பிரசங்கத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

படம் வெளியே வந்தது. அந்த ஷாட்டை மறுபடி எடுக்க முடியாததால் உள்ளதை உள்ளபடி வைத்துவிட்டார்கள், கட் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு இசை போட்டார்கள். அழிந்த எதிர்காலம் நம்மைத் திரும்பிப் பார்த்து விடை கொடுக்கிற இடம், உலகத்தரம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். டைரக்டர் பேட்டிகளில், அதற்காக ஒரு வருசம் காத்திருந்தேன் என்றார். அது பொய்யில்லை.

ஊரே சித்திரைவேலின் லோடு ஆட்டோவிலும் இரண்டு வேனிலுமாகத் திருச்செந்தூருக்குப் படம் பார்க்கப் போனது. ஹீரோ மொட்டையை மறைக்கத் தலையில் இரும்புச்சட்டி போட்டுக்கொண்டு சண்டை போட்டார், அதற்கு விசில் பறந்தது. சுயம்புக்கனி பிள்ளையை மடியில் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஷாட் வந்தது. திரை முழுக்கப் புழுதி, ஓட்டம், வெள்ளாடு, எல்லோருக்கும் முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெரிய சுயம்புக்கனி. நின்றாள், திரும்பினாள், தியேட்டரையே பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை கண்ணைத் திறந்தது. திரையைப் பார்த்தது. பிறகு அம்மாவின் வயிற்றில், வெளியிலிருந்து, அதே இடத்தில் உதைத்தது. தடதடவென்று இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று.

"இங்கேருங்க" என்று சுயம்புக்கனி புருசன் பக்கம் சாய்ந்தாள். "பெனிட்டாக்குப் போனப் போட்டுச் சொல்லுங்க, சவம் இன்னும் கன்டினியூட்டிய விடல."